செஃப் க்ளஸ்டரில் ஐந்து நோடை மூன்றாகக் குறைப்பது: முழு வழிகாட்டி

நோடு சேர்க்க எல்லோரும் தயார், எடுக்கச் சொன்னால்தான் கை நடுங்கும். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் ஐந்து நோடாக ஓடிக்கொண்டிருந்த செஃப் (Ceph) ஸ்டோரேஜை மூன்றாகக் குறைத்தேன். பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் மென்பொருள்தான் செஃப். அந்த சர்வர் ஒவ்வொன்றும் ஒரு நோடு, எல்லாம் சேர்ந்தது க்ளஸ்டர். மெஷின்களுக்கு வாரண்டி முடிந்திருந்தது, கரண்ட் பில்லும் ஏசியும் முதலாளியின் கண்ணை உறுத்தின. அப்புறம் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையிலும் இதே வேலை வந்தது. இரண்டு இடத்திலும் கூட இருந்த பையன்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில் தடுக்கி விழுந்தார்கள். அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணம் முழுக்க ஒரே க்ளஸ்டர்தான். ஐந்து நோடு, ஒவ்வொன்றிலும் 4 டிபி டிஸ்க் நான்கு, ஆக 20 ஓஎஸ்டி (ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் ப்ரோகிராமுக்கு ஓஎஸ்டி என்று பெயர்). பூல் என்பது டேட்டாவைப் பிரித்து வைக்கும் பகுதி. எல்லா பூலும் மூன்று பிரதி, ஒரு பிரதிக்கு ஒரு நோடு என்ற விதி. நோடு நான்கும் ஐந்தும் போகின்றன, ஒன்று முதல் மூன்று வரை நிற்கின்றன.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் இடக் கணக்கு, அதுவும் பேப்பரில்

மொத்தம் 80 டிபி. எங்களிடம் நிரம்பியிருந்தது பிரதிகளையும் சேர்த்து 30 டிபி, அதாவது 37.5 சதவீதம். மூன்று நோடு ஆனால் மொத்தம் 48 டிபி, நிரப்பு 62.5 சதவீதம். இதைப் பார்த்ததும் "தாராளமா இருக்குண்ணா" என்று கிளம்பிவிடுவார்கள். இங்கேதான் முதல் குழி.

மூன்று நோடு, மூன்று பிரதி என்றால் ஒவ்வொரு நோடும் டேட்டாவின் ஒரு முழுப் பிரதியைச் சுமந்தாக வேண்டும். இப்போது ஒரு நோடில் ஒரு டிஸ்க் செத்தால், அதிலிருந்தது பக்கத்து நோடுக்குப் போக முடியாது, அங்கே ஏற்கெனவே அதே டேட்டாவின் பிரதி இருக்கிறது. அதே நோடின் மீதி மூன்று டிஸ்க்குக்குள்தான் அது அடங்க வேண்டும். 10 டிபியை 12 டிபிக்குள் திணித்தால் 83.3 சதவீதம். செஃப் இயல்பாக 85 சதவீதத்தில் எச்சரிக்கும், 90 ஆனால் அந்த டிஸ்க்குக்கு டேட்டா நகர்த்துவதை நிறுத்தும், 95 ஆனால் எழுதுவதையே நிறுத்திவிடும். டிஸ்க்குகள் ஒன்றுபோல நிரம்புவதும் இல்லை. சராசரி 83 என்றால் அதில் ஒன்று 88, 89 என்று நிற்பது சகஜம். ஆக ஒரே ஒரு டிஸ்க் செத்தால் போதும், தள்ளாடிவிடும்.

அதனால் என் அளவுகோல் இது: குறைத்த பிறகு, ஒரு டிஸ்க்கும் செத்த பிறகு, 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஓசூரில் பழைய சிசிடிவி பதிவுகளை முதலாளியிடம் கேட்டு அழித்து 30 டிபியை 24க்குக் கொண்டுவந்தோம். மூன்று நோடில் 50 சதவீதம், டிஸ்க் செத்தால் 66.7. அதற்குப் பிறகுதான் வேலையில் கை வைத்தேன். அழிக்க ஒன்றும் இல்லை என்றால் நான்கு நோடோடு நிறுத்துங்கள். நான்கு இருந்தால் ஒரு நோடே போனாலும் மீதி மூன்றில் பிரதிகளைத் திரும்பக் கட்டிக்கொள்ள இடம் உண்டு. மூன்றில் அந்த வசதி கிடையாது, நோடு திரும்பி வரும்வரை இரண்டு பிரதியோடுதான் ஓடும். முதலாளிக்கு இதை முன்கூட்டியே வாயால் சொல்லாமல் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

நிற்கிற நோடுகள் ஒரே கொள்ளளவு இல்லையென்றால் கணக்கைச் சிறிய நோடை வைத்துப் போடுங்கள். அது நிரம்பினால் மற்ற இரண்டில் எவ்வளவு காலி இருந்தாலும் பயனில்லை.

டிஸ்க் பெட்டியில் 4 டிபி என்று இருக்கும், திரையில் 3.64 என்று காட்டும். இரண்டு அலகையும் கலந்து கணக்குப் போட்டு ஒரு பையன் பாதி நாள் குழம்பினான். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒன்றிலேயே போடுங்கள்.

2. பூல் விதிகளைப் படியுங்கள்

"செஃப் ஓஎஸ்டி பூல் எல்எஸ் டீடெய்ல்" அடித்து ஒவ்வொரு பூலாகப் பாருங்கள். மூன்று பிரதி பூல் என்றால் பிரச்சினையில்லை. முழுப் பிரதிகளுக்குப் பதில் டேட்டாவைத் துண்டுகளாக்கி, தொலைந்ததை மீட்க உதவும் பாரிட்டித் துண்டுகளோடு வைக்கும் இரேஷர் கோடிங் பூல் இருந்தால்தான் ஆபத்து. மூன்று துண்டு டேட்டா, இரண்டு துண்டு பாரிட்டி என்று நோடுக்கு ஒரு துண்டாக வைத்திருந்தால் அதற்கு ஐந்து நோடு கட்டாயம். மூன்றாக்கினால் ஐந்து துண்டுக்கு இடம் கிடைக்காது, காலி செய்யும் வேலை முடியவே முடியாது.

இந்தக் கணக்கைப் பூல் உருவாக்கிய பிறகு மாற்ற வழியில்லை. புதிதாக மூன்று பிரதி பூல் ஒன்றை உருவாக்கி டேட்டாவை அங்கே கொண்டுபோக வேண்டும். ஆர்பிடி இமேஜ்களுக்கு (செஃப்பில் வைத்த மெய்நிகர் டிஸ்க்குகள்) "மைக்ரேஷன்" கட்டளைகள் இருக்கின்றன. ஃபைல் சிஸ்டம் என்றால் புது டேட்டா பூலைச் சேர்த்து ஃபைல்களை நகலெடுக்க வேண்டியதுதான். அங்கே போனதும் அதே டேட்டா முன்பைவிட அதிக இடம் பிடிக்கும், இரேஷர் கோடிங்கில் 1.67 மடங்காக இருந்தது மூன்று மடங்காகும். ஆகவே முதல் படியின் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

ஒரு பூலின் டேட்டாவை ஓஎஸ்டிகளுக்குப் பங்கிடும் தொகுப்புக்கு பிஜி என்று பெயர். பிஜி எண்ணிக்கையையும் இப்போதே பாருங்கள். எங்களிடம் மொத்தம் 512 பிஜி. மூன்று பிரதிக்கு 1536, 20 ஓஎஸ்டிக்குப் பகிர்ந்தால் சுமார் 77. அதே 1536 பன்னிரண்டு ஓஎஸ்டிக்கு வந்தால் 128. பரவாயில்லை. இதுவே 1024 பிஜியாக இருந்தால் 256 ஆகியிருக்கும். பல பதிப்புகளில் ஓஎஸ்டிக்கு 250 என்பதுதான் இயல்பு வரம்பு, தாண்டினால் எச்சரிக்கை வரும், புது பூல் உருவாக்க விடாது. நாட்டிலஸ் பதிப்பிலிருந்து பிஜியைக் குறைக்கவும் முடிகிறது. அதுவும் டேட்டாவை நகர்த்துகிற வேலை என்பதால் நோடு குறைப்போடு சேர்த்து ஓட்டாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

3. நாள் குறிப்பது

டேட்டா நகரும் நேரத்தில் கரண்ட் போகக்கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் ஏரியாவில் என்றைக்கு நிறுத்துகிறார்கள் என்று பார்த்து, அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் விட்டு ஆரம்பியுங்கள். யுபிஎஸ் பேட்டரியை ஒருமுறை உண்மையாகவே சோதியுங்கள். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இடைவெளியில் சுவிட்ச் அணைந்து எழுகிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். மெஷின்களை யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு நெட்வொர்க் சுவிட்சை நேரடிக் கரண்டில் விட்டிருந்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன். சுவிட்ச் போனால் எல்லா நோடும் ஒன்றை ஒன்று காணோம் என்று அலறும்.

மாங்கூழ் ஆலை மாதிரி சீசன் தொழில் என்றால் சீசனில் தொடவே கூடாது. மே மாதம் பழ லாரி வரிசை கட்டி நிற்கத் தொடங்கினால் எடை மேடை பில், பேட்ச் பதிவு, கேமரா எல்லாம் இரவு பகலாக ஓடும். நாங்கள் அங்கே அக்டோபரில் செய்தோம்.

4. நலம் விசாரித்து, ஆவணம் எடுப்பது

"செஃப் மைனஸ் எஸ்" அடித்தால் எல்லா பிஜியும் ஆக்டிவ், க்ளீன் என்று வர வேண்டும், எல்லாப் பிரதியும் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஏதாவது ஒரு டிஸ்க் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தால், குறிப்பாக நிற்கப்போகிற மூன்று நோடில், அதை முதலில் மாற்றுங்கள். காலி செய்கிற வேலை எல்லா டிஸ்க்கையும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டும். இழுத்துக்கொண்டிருக்கிற டிஸ்க் அன்றைக்குத்தான் சாகும்.

டீப் ஸ்கரப் (பிரதிகளைப் படித்து ஒப்பிடும் சோதனை) எல்லா பிஜிக்கும் சமீபத்தில் முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கெட்டுப்போன பிரதி எங்காவது இருந்தால் நகர்த்துவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பேக்கப் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். அதிலிருந்து ஒரு ஃபைலையாவது மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பேன்.

கடைசியாக இரண்டு ஃபைல் எடுத்து வையுங்கள். "செஃப் ஓஎஸ்டி டிஎஃப் ட்ரீ" காட்டுவதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமியுங்கள், ஒவ்வொரு ஓஎஸ்டியின் பழைய எடையும், அதாவது டேட்டாவில் எவ்வளவு பங்கு வாங்கும் என்ற அளவும், அதில் இருக்கும். "கெட்க்ரஷ்மேப்" கட்டளையால், எந்த டேட்டா எந்த டிஸ்க்கில் என்று முடிவு செய்யும் க்ரஷ் வரைபடத்தையும் எடுங்கள். நடுவழியில் திரும்பி வர வேண்டியிருந்தால் இந்த இரண்டும்தான் துணை. அவற்றைப் போகிற நோடிலேயே சேமித்து வைத்தவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள்.

5. போகிற நோடில் வேறு யார் குடியிருக்கிறார்கள்

டிஸ்க்கை மட்டும் நினைப்பார்கள். ஒரு நோடில் ஓஎஸ்டியோடு மானிட்டர் (க்ளஸ்டரின் நிலையைப் பதிந்து வைப்பது), மேனேஜர், ஃபைல் சிஸ்டத்துக்கான எம்டிஎஸ், ஆப்ஜெக்ட் கேட்வே, டேஷ்போர்டு, கிராஃபனா என்று ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கலாம். "செஃப் ஆர்ச் பிஎஸ்" பட்டியலைப் போட்டு, நோடு நான்கு, ஐந்து என்று வரும் வரிகளை மட்டும் எடுத்து எழுதுங்கள்.

அதில் வராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று அட்மின் சாவி. முதன்முதலில் க்ளஸ்டரைக் கட்டிய நோடில்தான் பெரும்பாலும் அட்மின் கீரிங் இருக்கும். அந்த நோடே போகிறது என்றால் சாவியும் சேர்ந்து போய்விடும். நிற்கிற நோடுகளில் குறைந்தது இரண்டுக்கு அட்மின் லேபிள் போட்டு, அங்கே உட்கார்ந்து "செஃப் மைனஸ் எஸ்" அடித்துப் பதில் வருகிறதா என்று பாருங்கள். இனிமேல் எல்லா வேலையையும் அங்கிருந்தே செய்யுங்கள்.

இரண்டாவது கடிகாரம். நோடு ஐந்தைப் பார்த்துத்தான் மற்றவை நேரம் சரிசெய்துகொள்கின்றன என்றால், அதை அணைத்த பிறகு மெதுவாக நேரம் விலகும். மானிட்டர்களுக்கு இடையே 0.05 விநாடி தாண்டினாலே க்ளாக் ஸ்க்யூ எச்சரிக்கை வந்துவிடும். நேரம் சரிசெய்யும் க்ரோனி அமைப்பில் எந்த முகவரி இருக்கிறது என்று முன்பே பாருங்கள்.

6. மானிட்டரை முதலில் குறையுங்கள்

ஐந்து நோடிலும் மானிட்டர் இருந்தால் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும். இரண்டு மெஷினை நேராக அணைத்தாலும் மூன்று நிற்கும், க்ளஸ்டர் ஓடும், "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்பார்கள். ஆனால் பட்டியலில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். நிற்கிற மூன்றில் ஒன்று ரீபூட் ஆனாலும் ஐந்தில் இரண்டுதான் மிச்சம், பெரும்பான்மை போய்விடும், க்ளஸ்டர் மொத்தமும் நிற்கும். அதுவே முறையாகப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தால் மூன்றில் இரண்டு போதும், ஒன்றை இழந்தாலும் ஓடும். மெஷினை அணைத்தால் மட்டும் மானிட்டர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடாது என்பதை இங்கே புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

செஃப்அட்ம் என்ற நிர்வாகக் கருவி வைத்து நிர்வகிக்கிறீர்கள் என்றால் "ஆர்ச் அப்ளை மான்" கட்டளையில் ப்ளேஸ்மெண்டாக நிற்கிற மூன்று நோடின் பெயரை மட்டும் கொடுங்கள். கையால் செய்வதானால் ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் கோரம், அதாவது பெரும்பான்மை, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லோரும் நலமாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது, அதனால்தான் டேட்டாவுக்கு முன்னால் இதை வைத்திருக்கிறேன்.

மேனேஜரையும் எம்டிஎஸ்ஸையும் இப்படியே நகர்த்துங்கள். எம்டிஎஸ் மாறும்போது ஃபைல் சிஸ்டம் சில விநாடி திணறும், அதைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

7. கிளையண்ட் பக்கத்து முகவரிகள்

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். குறைப்பு வேலை சுத்தமாக முடிந்து, மூன்று மாதம் எந்தப் புகாரும் இல்லை. ஒரு நாள் டிராயிங் பிரிவின் சர்வரை ரீபூட் செய்தார்கள், ஸ்டோரேஜ் மவுண்ட் ஆகாமல் பூட் பாதியில் தொங்கிவிட்டது. பார்த்தால் மவுண்ட் வரியில் பழைய இரண்டு மானிட்டர் முகவரிதான் இருந்தது, இரண்டும் போன நோடுகள்.

ஓடிக்கொண்டிருக்கிற கிளையண்ட், அதாவது ஸ்டோரேஜைப் பயன்படுத்தும் மெஷின், மானிட்டர் பட்டியலின் மாற்றங்களைத் தானாகத் தெரிந்துகொள்ளும், அதனால் குறை வெளியே தெரியாது. புதிதாக எழும்போதுதான் கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் முகவரியைத் தேடிப் போகும். எனவே ஒவ்வொரு கிளையண்டிலும் செஃப் கான்ஃபிக்கில் உள்ள "மான் ஹோஸ்ட்" வரி, மவுண்ட் வரிகள் இருக்கும் எஃப்எஸ்டாப் ஃபைல், ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரி மெய்நிகர் மெஷின் தளம் இருந்தால் அதன் ஸ்டோரேஜ் அமைப்பு, எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றியதோடு விடாமல் முக்கியமான ஒரு கிளையண்டையாவது ரீபூட் செய்து பாருங்கள்.

8. டேட்டாவைக் காலி செய்வது

முக்கியமான படி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புதியவர்கள் எல்லோரும் "ஓஎஸ்டி அவுட்" கொடுப்பார்கள். அது தவறில்லை, டேட்டா நகரும். ஆனால் அவுட் கொடுக்கும்போது அந்த ஓஎஸ்டியின் க்ரஷ் எடை அப்படியே இருக்கிறது, நோடின் எடையும் மாறுவதில்லை. எல்லாம் நகர்ந்து முடிந்து, நீக்கும்போதுதான் எடை குறையும். எடை குறைந்ததும் க்ரஷ் இன்னொரு முறை கணக்குப் போட்டு மறுபடி டேட்டாவை நகர்த்தும். ஒரு பையன் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, சந்தோஷமாக நீக்கிவிட்டு, திரையைக் காட்டி "அண்ணா, எல்லாம் முடிஞ்சுதான எடுத்தேன், ஏன் மறுபடி ஓடுது?" என்று கேட்டான். அதற்கு இதுதான் காரணம்.

அதனால் க்ரஷ் எடையையே பூஜ்யமாக்குங்கள். ஒரே முறைதான் நகரும். பின்னால் நீக்கும்போது எடை ஏற்கெனவே பூஜ்யம், அசைய எதுவும் இருக்காது.

அடுத்த கேள்வி, ஒவ்வொரு நோடாகவா, இரண்டையும் சேர்த்தா? ஒவ்வொன்றாக எடுப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 டிபி ஐந்து நோடில் இருந்தால் நோடுக்கு 4.8. ஐந்தாவதைக் காலி செய்தால் அதில் கால்பங்கு, 1.2 டிபி, நான்காவது நோடில் போய் உட்காரும். அப்புறம் நான்காவதைக் காலி செய்யும்போது அதே 1.2 டிபியை மறுபடி தூக்க வேண்டும். வீடு காலி செய்கிறவர், நாளைக்கு இடிக்கப்போகிற பக்கத்து வீட்டில் கொஞ்சம் பாத்திரத்தை இறக்கி வைப்பது மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்தால் மொத்தம் 10.8 டிபி, சேர்த்து எடுத்தால் 9.6.

பாதுகாப்பு போகாதா என்றால், போகாது. எடையைக் குறைத்ததும் பழைய பிரதி அழிவதில்லை. புது இடத்தில் முழுப் பிரதி தயாராகிற வரை பழையது வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு நோடும் கடைசி வரை உயிரோடு ஓட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வரிசை இப்படி:

முதலில் "செஃப் பேலன்சர் ஆஃப்". இல்லையென்றால் நீங்கள் ஒரு பக்கம் நகர்த்த, அது இன்னொரு பக்கம் சமன் செய்யப் பார்க்கும்.

அடுத்து "செஃப் ஓஎஸ்டி செட் நோரீபேலன்ஸ்". இரண்டு நோடின் எடையையும் மாற்றி முடிக்கும்வரை எதுவும் கிளம்பாமல் இருக்க இது.

பிறகு "செஃப் ஓஎஸ்டி க்ரஷ் ரீவெயிட்-சப்ட்ரீ" கட்டளையில் நோடு நான்கின் பெயர், பூஜ்யம். அதேபோல் நோடு ஐந்து. ஒவ்வொரு ஓஎஸ்டியாக எட்டு முறை அடிக்க வேண்டியதில்லை, எண் மாறிப்போகும் வாய்ப்பும் இல்லை.

"ஓஎஸ்டி ட்ரீ" போட்டுப் பாருங்கள். நான்கிலும் ஐந்திலும் மட்டும் பூஜ்யம் இருக்கிறதா? பெயர் மாற்றி அடித்திருந்தால் இப்போதே பழைய எடையைக் கொடுத்துவிடலாம், இன்னும் ஒன்றும் நகரவில்லை. நான் இந்த இடத்தில் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை பார்ப்பேன்.

சரியாக இருந்தால் நோரீபேலன்ஸை அன்செட் செய்யுங்கள். ஓட ஆரம்பிக்கும்.

9. ஓடும்போது எதைப் பார்ப்பது

திரையில் இரண்டு வார்த்தை வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மிஸ்ப்ளேஸ்டு என்றால் எல்லாப் பிரதியும் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இது எதிர்பார்த்ததுதான், சதவீதம் மெல்லக் குறையும். டீக்ரேடட் என்றால் பிரதி குறைகிறது. நீங்கள் எந்த டிஸ்க்கையும் நிறுத்தாமல் டீக்ரேடட் ஏறுகிறது என்றால் எங்கோ ஒரு ஓஎஸ்டி விழுந்திருக்கிறது, கிளம்பிப் போய்ப் பாருங்கள்.

வேகம். நோடுக்கு 1 ஜிகாபிட் நெட்வொர்க் என்றால் உண்மையில் விநாடிக்கு 110 எம்பி போல வரும். நிற்கிற ஒவ்வொரு நோடும் 3.2 டிபி வாங்க வேண்டும் என்பதால் கணக்குக்கு எட்டு மணி நேரம். கணக்குதான் எட்டு, எங்களுக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் ஆனது. சுழலும் டிஸ்க், சின்னச் சின்ன ஃபைல்கள், பகலில் பட்டறை வேலை, எல்லாம் சேர்ந்தது.

வேகத்தைக் கூட்ட பழைய குறிப்புகளைப் பார்த்து, ஒரே நேரத்தில் எத்தனை நகர்த்தல் என்று சொல்லும் "மேக்ஸ் பேக்ஃபில்ஸ்" எண்ணை ஏற்றிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று விழிப்பார்கள். குவின்ஸி பதிப்பிலிருந்து, வேலைகளை வரிசைப்படுத்தும் எம்க்ளாக் என்ற ஷெட்யூலர்தான் இயல்பு. தனியாக அனுமதி அமைப்பைத் திறக்காதவரை அந்த எண்ணை அது மதிப்பதில்லை. அதற்குப் பதில் எம்க்ளாக் ப்ரொஃபைலை மாற்றுங்கள். இரவில் ஹை ரெக்கவரி ஆப்ஸ் (நகர்த்தலுக்கு முன்னுரிமை), காலை ஷிஃப்ட் வருமுன் ஹை க்ளையண்ட் ஆப்ஸ் (கிளையண்டுகளுக்கு முன்னுரிமை). காலையில் மாற்ற மறந்தால் எட்டரை மணிக்கே போன் வரும், "டிராயிங் திறக்கவே மாட்டேங்குது சார்" என்று.

கடைசி ஒன்று, இரண்டு சதவீதத்தில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். பேக்ஃபில் டூஃபுல் என்று வந்தால் வாங்க வேண்டிய ஒரு டிஸ்க் 90 தாண்டிவிட்டது. வரம்பை 92, 93 என்று ஏற்றிவிடுவது குறுக்கு வழி, கடைசிச் சில பிஜிக்கு மட்டும் என்றால் சரி, பாதி வழியிலேயே அந்த நிலை என்றால் முதல் படியின் கணக்கு தப்பு. இரண்டாவது, ஒரு பிஜிக்குப் போக இடமே கிடைக்காமல் இருப்பது, அது அநேகமாக நீங்கள் கவனிக்காமல் விட்ட இரேஷர் கோடிங் பூல்.

10. ஓஎஸ்டிகளை நீக்குவது

நான்கிலும் ஐந்திலும் உள்ள எட்டு ஓஎஸ்டிக்கும் பிஜி எண்ணிக்கை பூஜ்யம், க்ளஸ்டர் முழுக்க ஆக்டிவ், க்ளீன். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் இந்தப் படி.

ஒவ்வொரு ஓஎஸ்டிக்கும் "செஃப் ஓஎஸ்டி சேஃப்-டு-டெஸ்ட்ராய்" கேளுங்கள். கண்ணால் பார்த்தது போதும் என்று விடாதீர்கள், இந்தக் கட்டளை க்ளஸ்டரின் பார்வையில் கேட்கிறது. பாதுகாப்பு என்று பதில் வந்தால் ஓஎஸ்டி சேவையை நிறுத்துங்கள், பிறகு "ஓஎஸ்டி பர்ஜ்". பர்ஜ் சும்மா நடக்காது, "யெஸ் ஐ ரியலி மீன் இட்" என்று கட்டளையின் முடிவில் ஒரு நீளமான ஒட்டைச் சேர்க்கச் சொல்லும். அந்த ஒட்டை ஸ்கிரிப்டில் எழுதி வைத்து எட்டையும் ஒரே ஓட்டில் முடிக்கிற ஆசை வரும். வேண்டாம். முதலில் ஒன்று, பிறகு "செஃப் மைனஸ் எஸ்". எதுவும் நகரவில்லை என்றால் எடை வேலை சரியாக நடந்திருக்கிறது, மற்ற ஏழையும் எடுக்கலாம்.

11. நோடை வெளியே எடுப்பது

ஓஎஸ்டி எல்லாம் போனாலும் க்ரஷ் மரத்தில் நோடின் பெயர் காலிப் பெட்டியாக நிற்கும். "ஓஎஸ்டி க்ரஷ் ஆர்எம்" கொடுத்து அதையும் எடுத்துவிடுங்கள். விட்டால் உடனே கெடுதல் இல்லை, ஆனால் அடுத்த வருடம் வருகிற ஆள் இது என்ன நோடு என்று தேடிக்கொண்டிருப்பார்.

செஃப்அட்ம் பயன்படுத்துகிறவர்கள் "ஆர்ச் ஹோஸ்ட் ட்ரெய்ன்" கொடுத்து, மிச்சமிருக்கும் சேவைகள் வெளியேறியதும் "ஆர்ச் ஹோஸ்ட் ஆர்எம்" கொடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காலியான டிஸ்க் எதைக் கண்டாலும் ஓஎஸ்டி ஆக்கு என்ற அமைப்பு இருந்தால், ட்ரெய்ன் கொடுக்காமல் டிஸ்க்கைத் துடைக்கும்போது அது புது டிஸ்க் என்று நினைத்து மறுபடி ஓஎஸ்டி கட்டிவிடும். நீங்கள் துடைக்க, அது கட்ட, விடியும்வரை விளையாடலாம். ட்ரெய்ன் கொடுத்தால் அந்த நோடில் புதிதாக எதுவும் வைக்காதே என்ற லேபிள் விழுந்துவிடும்.

மெஷினை அணைத்ததும் உடனே டிஸ்க்கைத் துடைக்க வேண்டாம். நான் ஒரு வாரம் அப்படியே வைப்பேன். அந்த ஒரு வாரத்தில் யாராவது பழைய முகவரியைத் தேடி வந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

12. மூன்று நோடோடு வாழ்வது

பேலன்சரை ஆன் செய்யுங்கள். எம்க்ளாக் ப்ரொஃபைலில் போட்ட தற்காலிக அமைப்பை நீக்குங்கள். எச்சரிக்கை எல்லையைக் கீழே இறக்குங்கள். ஐந்து நோடில் 75 சதவீதத்துக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தால், இப்போது 55லேயே அனுப்ப வேண்டும். காரணம் முதல் படியில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை. நின்றுபோன ஓஎஸ்டியைத் தானாக அவுட் ஆக்காதே என்று சொல்வது நோஅவுட். "நோஅவுட்" செட் செய்துவிட்டு ஒரு நோடை ரீபூட் செய்யுங்கள். கிளையண்டுகள் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தபட்சப் பிரதி இரண்டு என்று இருப்பதால் ஓடும். நோடு திரும்பி வந்து டீக்ரேடட் பூஜ்யமான பிறகுதான் அடுத்த நோடு. இரண்டாவது நோடும் விழுந்தால் எழுதுவது நின்றுவிடும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் குறைந்தபட்சப் பிரதியை ஒன்றாக்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். சோதனை முடிந்ததும் நோஅவுட்டை எடுக்க மறக்காதீர்கள். நான் போய்ப் பார்க்கிற பல க்ளஸ்டரில் அது மாதக்கணக்காக அப்படியே கிடக்கிறது.

கழற்றிய எட்டு டிஸ்க்கையும் ஒரு வாரம் கழித்துத் துடைத்தோம். மணிக்கணக்கு அதிகமான மூன்றைத் தூக்கிப்போட்டு, ஐந்தை எண் எழுதி ஒட்டி ஸ்பேராக வைத்தோம். நோடு நான்கு இப்போது தர்மபுரி கிளையில் பேக்கப் மெஷினாக ஓடுகிறது.